டிக் டிக் காணாமல் போனது

கரும்பலகையில் கையால் ஒரே வீச்சில் வட்டம் போடுவேன். கவராயம் வேண்டாம், நூல் வேண்டாம். கணபதிப் பகுதியில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் இதற்காகவே என்னை மதித்த பிள்ளைகள் உண்டு, அவர்களுக்குக் கணக்கு வந்ததோ இல்லையோ. ஒரு ஆடி மாதக் காலையில் அந்த வட்டம் பாதியில் நின்றது. சாக்பீஸ் பலகையில் இருக்கிறது, கை மேலே போகவில்லை. நெஞ்சடைத்து மூச்சு வாங்கியது. திரும்பி நின்று, மீதியை நீங்களே வந்து போடுங்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைகள் அதை ஏதோ புதுப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு மாடிப்படி கசந்தது. பத்தாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்தது. நடுப்படியில் நின்று, யாராவது வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிவேன். வயது நாற்பத்து மூன்று, உடம்பும் கொஞ்சம் போட்டிருந்தது, எல்லாப் பழியையும் அவற்றின் மேல் போட்டேன். படுத்தால் மூச்சுமுட்டுகிறது என்று தலையணைமேல் தலையணையாக அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கியபோதுதான், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் என் கணவர் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

இதய மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த இடத்திலேயே வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு எக்கோ எடுத்தார்கள் (மார்பின்மேல் ஒரு கருவியை வைத்து உள்ளே இதயம் அடிப்பதைத் திரையில் பார்க்கும் சோதனை). சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டார். வந்தது. அன்னூரில் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது முழங்கால் இரண்டும் வீங்கிப் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தேன். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அதை மறந்து வளர்ந்துவிட்டேன். அது ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டையில் வரும் கிருமித் தொற்றைத் தொடர்ந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்பதை இத்தனை வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு (இரத்தத்தை ஒரே திசையில் போகவிடும் கதவு) தடித்துச் சுருங்கிப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும்.

எந்த வால்வு என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. விலங்கின் திசுவில் செய்த வால்வுக்குச் சத்தம் கிடையாது, ஆனால் என் வயதுக்குச் சில வருடங்களில் தேய்ந்து மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்றார் மருத்துவர். இயந்திர வால்வு ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் அதில் இரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். கூடவே ஒரு சத்தம் இருக்கும். கடிகாரம் மாதிரி என்றார். என் கணவர் யோசிக்கவேயில்லை, உழைக்கிறதை வையுங்க என்றார். சத்தம் போடுகிற பொருள்தான் நம்பகமானது என்பது பட்டறைக்காரர்களின் மதம்.

அறுவை சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும் உங்களில் சிலர் இதே சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருப்பீர்கள். வலி இருக்கும், இருமினால் உயிர் போய் வரும், தலையணையைக் கட்டிப்பிடித்து இருமச் சொல்வார்கள், இருமுங்கள். எல்லாம் தாண்டக்கூடியதுதான். எனக்கு நினைவு திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், அந்தச் சுவர்க் கடிகாரத்தை யாராவது நிறுத்துங்கள் என்று நர்ஸிடம் சிடுசிடுத்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, இந்த அறையில் கடிகாரமே இல்லை என்றாள்.

அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் வெறுப்பீர்கள், வெறுப்பதற்காக உங்களையே திட்டிக்கொள்வீர்கள். குளியலறையில் கதவைச் சாத்தினால் சுவரெல்லாம் டிக் டிக். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் மெத்தைக்குள்ளிருந்து வரும். கொட்டாவி விட வாயைத் திறந்தால் இன்னும் கூடும். துக்க வீடு ஒன்றில் எல்லோரும் பேச்சற்று உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்த பெரியவர் சுவரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.

பள்ளிக்கூடத்தில்தான் அடி பலமாக விழுந்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் டிக் டிக் எங்கே கேட்கப்போகிறது, அங்கே பிரச்சினையில்லை. பரீட்சை ஹால் அப்படியில்லை. அரையாண்டுத் தேர்வில் நான் மேற்பார்வைக்குப் போன அறையில் முன் பெஞ்சுப் பெண் எழுந்து, ஏதோ கடிகாரம் தொந்தரவு செய்கிறது, கணக்கு ஓடமாட்டேன் என்கிறது என்றாள். வேறு சிலரும் தலையாட்டினார்கள். நான் மீதி நேரம் முழுக்க வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தலைமையாசிரியையிடம் எனக்கு இனி பரீட்சை வேலை போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் உடனே சரி என்றதும் எனக்கு அழுகை வந்தது. அமைதியான எந்த இடத்திலும் எனக்கு இனி இடமில்லை என்று தோன்றிவிட்டது.

மருத்துவரிடம் புலம்பினேன். போகப் போகப் பழகிவிடும், பலருக்குக் கேட்பதே நின்றுவிடும் என்றார். அதோடு ஒன்றையும் அழுத்திச் சொன்னார்: சத்தம் மங்கினாலோ, மாறினாலோ, காணாமல் போனாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டில் உட்காரக் கூடாது. நான் முதல் பாதியைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

சித்திரை வந்தது, பள்ளி விடுமுறை. என் கணவருக்கு ஆனைமலைப் பக்கம் புதிதாக வந்த தென்னைநார் மில்லில் மோட்டார் வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேயே தங்க வேண்டும் என்றார்கள். மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாள். எனக்குத் துணைக்கு அன்னூரிலிருந்து என் அண்ணன் மனைவி, நான் நங்கையா என்று கூப்பிடுபவர், வந்து சேர்ந்தார். பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும் முன்பே ஒரு சாக்கு இறங்கியது. காட்டு வரப்பில் நிற்கும் முருங்கை மரத்தை ஏறக்குறைய மொட்டையடித்துக் கொண்டுவந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. "என்ன கண்ணு இப்பிடி வெளுத்துக் கெடக்கற. ரத்தம் ஊறோணும், அதுக்கு நானாச்சு" என்றார்.

காலையில் முருங்கைக்கீரைச் சாறு. மதியம் கீரைப் பொரியல், மலைபோல. ராத்திரி அடையில் கீரை. சாக்கு காலியானால் அண்ணன் யாரிடமாவது அடுத்த சாக்கைக் கொடுத்தனுப்பினார். கீரையை அளவாகச் சாப்பிடச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். நானும் சொன்னேன். "போதுங்க நங்கையா, கம்மியா வைங்க" என்றேன். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் போதுங்க என்பது ஒரு மரியாதை. சாப்பிடுகிறவர் போதுங்க என்று சொல்ல வேண்டும், பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல் இன்னும் ஒரு கரண்டி போட வேண்டும். அதுதான் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பிரியத்துக்கு அத்தாட்சி. நான் மூன்று முறை சொன்னேன், அவர் மூன்று கரண்டி போட்டார். நான்காவது முறை சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று சாப்பிட்டுவிட்டேன். நெய்யும் நிறைய ஊற்றியிருந்தார், ருசியாகவும் இருந்தது.

ஒரு காலை பின்வாசலில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் குயில் கூவியது. தூரத்தில் ஏதோ பட்டறையில் லேத் ஓடத் தொடங்கியது. இதையெல்லாம் தெளிவாகக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று நினைத்தபோதுதான் உறைத்தது, டிக் டிக் இல்லை. காதைத் தீட்டிக் கேட்டேன். எங்கோ அடியில் லேசாக ஒரு தட்டல் மாதிரி, அவ்வளவுதான். மருத்துவர் சொன்னது பலித்துவிட்டது, எனக்குப் பழகிவிட்டது என்று முடிவுகட்டினேன். அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது காப்பி போட்டுக் குடித்தேன்.

நங்கையாவிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். கீரையின் மகிமை என்று அன்னூருக்கே போன் போட்டுச் சொன்னார். மாடிக்குத் துணி காயப்போடப் போனபோது மூச்சு கொஞ்சம் இரைத்தது. நங்கையாவின் சாப்பாட்டில் எடை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இனிமேல் பரீட்சை ஹாலுக்குத் திரும்பிப் போகலாம், தலைமையாசிரியையிடம் எப்படிச் சொல்வது என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து என் கணவர் மில் வேலை முடிந்து வந்தார். ஆனைமலை மாசாணியம்மன் கோயில் குங்குமத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று பரிமாறினேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், கை தட்டிலேயே நின்றது.

"ஏ அம்மணி, உன்ற சத்தத்தக் காணமே?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பழகிப்போச்சுங்க. இப்பல்லாம் கேக்கறதேயில்லீங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குப் பழகியிருக்கலாம். எனக்கு எப்பிடிக் கேக்காமப் போகும்?"

இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஒரு வரி எனக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று மனசு பார்த்துக்கொண்டது என்பதுதான் சரி. அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார், அடுக்களையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த நங்கையாவை நிறுத்தச் சொன்னார், கை கழுவாமலே என் முதுகில் காதை வைத்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. நங்கையாவின் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் பயந்தேன். அடுத்த கொஞ்ச நேரத்தில் காரில் இருந்தோம். சாதம் தட்டில் அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் படம்போல ஓடவிட்டுப் பார்த்தார்கள். வால்வுக்குள் இரண்டு சின்னக் கதவுகள் உண்டு. ஒன்று திறந்து மூடியது. இன்னொன்று அசையவேயில்லை. இரத்தம் கட்டி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்பதைக் காட்டும் அளவு) இருக்க வேண்டியதைவிட மிகவும் கீழே இருந்தது. மாத்திரை விடவில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் சாப்பாட்டில் என்ன மாறியது என்று மருத்துவர் கேட்டார்.

நங்கையா முன்னால் வந்தார். நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் தொடங்கினார். மூணு வேளையும் முருங்கைக்கீரை கொடுத்ததைச் சொல்லச் சொல்ல, மருத்துவரின் முகத்தைப் பார்த்து அவருடைய குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

மருத்துவர் திட்டவில்லை. கீரையில் இருக்கும் வைட்டமின் கே இரத்தத்தை உறையவைக்கும், நான் சாப்பிடும் மாத்திரை உறையவிடாமல் தடுக்கும், இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றதில் கீரை ஜெயித்துவிட்டது என்று விளக்கினார். கீரை கெட்டதில்லை, வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்யலாம், திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் ஆபத்து என்றார். இதை நீங்கள் தயவுசெய்து உங்கள் வீட்டில் சமைக்கிறவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். நோயாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதில் மூளையில் இரத்தக்கசிவு வரும் அபாயம் உண்டு. கரையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். மருத்துவர் இதை எங்கள் இருவரிடமும் சொன்னார். என் கையைப் பிடித்திருந்த என் கணவர் அதை விடவேயில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எதைக் கேட்கக் கூடாது என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத் தூங்கினேனோ, அதைக் கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். சாகப் பயமாக இருந்தது. மகளின் கல்யாணம், பட்டறை எல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தன. முதலில் வந்தது வெறும் பயம்தான், குழந்தைக்கு வருவதுபோல. டிக் டிக்கிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன். கணக்கு டீச்சர் வால்வு என்கிற ஒரு கார்பன் துண்டிடம் மன்னிப்புக் கேட்பதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாளி நகரும் சத்தத்துக்கு நடுவே ஏதோ ஒன்று. நின்றது. மறுபடி வந்தது. விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, பிறகு விடாமல் வந்தது. டிக், டிக், டிக். கூர்மையாக, பழைய திமிரோடு. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மருந்து மூளைக்கு ஏறிவிட்டதோ என்று நர்ஸ் பதறி ஓடிவந்தாள். வாயைத் திறந்து அவளைக் குனிந்து கேட்கச் சொன்னேன். அவளுக்கும் கேட்டது. மத்தியானம் மறுபடி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள், இரண்டு கதவும் திறந்து திறந்து மூடின. நெஞ்சை மறுபடி திறக்கத் தேவையில்லை என்றார் மருத்துவர்.

பார்வை நேரத்தில் என் கணவர் உள்ளே வந்தார். நலமா என்று கேட்கவில்லை. கட்டிலருகே குனிந்து தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ரிப்பேருக்கு வந்த மோட்டாரைச் சரிசெய்து முதல் தடவை ஸ்விட்சைப் போட்டபின் நிற்பாரே, அதே நிலை.

"ஓடுது அம்மணி" என்றார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது நங்கையா அடுக்களைக்குள் போகவே மாட்டேன் என்றார். தன் கையாலேயே என்னைக் கொல்லப் பார்த்துவிட்டதாக அழுதார். இப்படி அழுதுகொண்டிருந்தால் எனக்குச் சோறு யார் போடுவது என்று கேட்டேன். ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக் கையில் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள், இந்தக் கிண்ணம் நிறைய முருங்கைக்கீரை, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றேன். இப்போது நான் அன்னூர் போனாலும் அந்த அளவுதான். ஐ.என்.ஆர். ஒழுங்காக நிற்கிறது. எங்களுக்குள் ஒரு புது வழக்கமும் வந்துவிட்டது. நான் போதுங்க என்றதும் கரண்டியை நிறுத்தி, "நெசமாலுமா, மரியாதைக்கா?" என்று கேட்கிறார். எங்கள் சொந்தத்தில் இப்போது நான் இருக்கும் பந்தி எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி ஓடுகிறது, சிரிப்பும் ஓடுகிறது.

என் உடம்பை முன்பெல்லாம் நான் நினைத்ததேயில்லை. அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். இப்போது ஒவ்வொரு துடிப்பும் வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறது. நேரம் என்பது எனக்குப் பள்ளி மணியாகவும் பாடவேளையாகவும்தான் இருந்தது, எப்போதும் பற்றாமல். இன்று அது ஒன்று ஒன்றாக, முழுசாக என் கைக்கு வருகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறேன். வகுப்பில் வட்டத்தை ஒரே வீச்சில் போடுகிறேன். முன்பைவிட இப்போது வட்டம் கொஞ்சம் பெரிது, அது வேண்டுமென்றே.

போன காலாண்டுத் தேர்வுக்கு முன் தலைமையாசிரியையிடம் போய் எனக்குப் பரீட்சை வேலை போடுங்கள் என்று கேட்டேன். அவர் என் நெஞ்சுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, சரி என்றார்.

வினாத்தாளைக் கொடுத்து முடித்து அறை அடங்கியதும், எதிர்பார்த்தபடியே ஒரு கை உயர்ந்தது. "மிஸ், எங்கயோ கடிகாரம் ஓடுதுங்க மிஸ்."

நான் வராந்தாவுக்குப் போகவில்லை. அறையின் நடுவே வந்து நின்றேன். "அது என்ற இருதயம். உள்ள இயந்திரக் கதவு வச்சிருக்குது, அதுதான் சத்தம். அது ஓடுற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. நின்னுபோச்சுன்னா மட்டும் உடனே எந்திரிச்சுச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகோணும். இப்ப எழுதுங்க" என்றேன்.

ஒரு கணம் அறை முழுக்க என் டிக் டிக்கைக் கேட்டது. பிறகு பேனாக்கள் தாளில் ஓடத் தொடங்கின. நான் வரிசைக்கு வரிசை நடந்தேன். யாரும் சுவரைப் பார்க்கவில்லை.

மணி அடித்து எல்லோரும் விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கை தூக்கிய பெண் கடைசியாக வந்தாள். தாளை நீட்டினாள், ஆனால் போகவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் நெஞ்சுப் பக்கம் காது கொடுத்து நின்றாள்.

"ஓடுதுங்க மிஸ்" என்றாள்.